எஞ்சிய அட்டை

என் தங்கை மகன் லண்டனில் டாக்டராக இருக்கிறான். சர்ஜரிக்கான பரீட்சை ஒன்றில் தேறிய அன்று, அந்தப் பரீட்சையை நடத்தும் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் கட்டடத்தின் முன் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற சதுக்கத்தின் தெற்குப் பக்கத்தில் வரிசைத் தூண்களோடு நிற்கிற கட்டடம். இரவு போனில் பேசும்போது கேட்டான்:

“மாமா, உங்க தாத்தாவோட துரை பேர் என்ன? இந்தக் காலேஜுல ஃபெல்லோவா இருந்தவங்க வாழ்க்கைக் குறிப்பெல்லாம் இருக்கு. ஆர்க்கைவ்ஸ் காட்டலாக்கும் கம்ப்யூட்டர்ல இருக்கு. வீட்டுல உட்கார்ந்தே தேடலாம்.”

துரையின் பெயர் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் குலதெய்வத்தின் பெயருக்கு அடுத்தபடியாகப் புழங்கிய பெயர் அது. ஆனால் இந்தக் கட்டுரையில் அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தாத்தாவின் பெயரையும் எழுதப்போவதில்லை. காரணம் கட்டுரையின் போக்கில் தெரியவரும்.

தாத்தா 1919லிருந்து 1950 வரை தெற்கத்தி ஆஸ்பத்திரி ஒன்றில் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுகிற வேலை. சில வருஷங்களுக்குள் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார். துரை கையை நீட்டினால் எந்தக் கத்தி என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தவர். துரைக்குத் தமிழ் ‘எங்கே வலி’, ‘எத்தனை நாள்’ என்பதற்கு மேல் போகவில்லை; மற்ற எல்லாவற்றையும் கேட்டுச் சொன்னவர் தாத்தா. துரை சீமைக்குப் போயிருந்த மாதங்களில் கத்தியை எடுத்தவரும் அவரே என்பது வீட்டுப் புராணம். புராணங்களைப் போலவே அதற்கும் சாட்சியம் கிடையாது.

துரையின் வாழ்க்கைக் குறிப்பு ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. பிறந்த ஊர், படித்த பள்ளி, வாங்கிய மெடல்கள், இந்தியாவில் கழித்த வருஷங்கள், ஓய்வுக்குப் பிறகு வளர்த்த ரோஜாச் செடிகள், மரணம். பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்களின் துணையோடு ஏராளமான ஆபரேஷன்களைச் செய்தார் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பலமுறை படித்தேன். உதவியாளர்கள். தாத்தா அந்தக் ‘கள்’ விகுதிக்குள் இருக்கிறார். முப்பத்தொரு வருஷத்துக்கு ஒரு விகுதி.

அதில் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோபம் வந்திருந்தால் இந்த விஷயம் எளிதாக முடிந்திருக்கும். வெள்ளைக்காரன் நம்மை மறைத்துவிட்டான் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

*

அன்றிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அட்டவணையில் தேடிக்கொண்டிருந்தேன். துரையின் பெயரில் தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இல்லை. ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயரைக் கொடுத்தேன். இல்லை. பிறகு ஊரின் பெயரை அவர்கள் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று யோசித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆகும். திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பொலி’. தஞ்சாவூர் ‘டான்ஜோர்’. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’. இந்த மாதிரித் தேடலில் முதல் காரியம் நம் நாக்கை மறப்பது. நூறு வருஷத்துக்கு முன் நம் ஊருக்கு வந்து இறங்கிய ஒருவனின் காதால் நம் ஊர்ப் பெயரைக் கேட்பது. அப்படியும் எங்கள் ஊர் வரவில்லை. கிடைத்தவை பூஜ்யம் என்று திரையில் வரும்போது ஒரு நிதானம் இருக்கிறது. அது இல்லை என்று மட்டும் சொல்கிறது. ஏன் இல்லை என்பது அதன் வேலையில்லை.

நூலக அட்டவணைக்கும் ஆவணக் காப்பக அட்டவணைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இந்த வயதில்தான் பிடிபட்டது. நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக நிற்கும். காசநோய் என்றால் காசநோய்ப் புத்தகங்களெல்லாம் ஓரிடம். காப்பகத்தில் அப்படிக் கிடையாது. யாரிடமிருந்து தாள்கள் வந்தனவோ அவர் பெயரில், அவர் வைத்திருந்த ஒழுங்கிலேயே வைப்பார்கள். காசநோயைப் பற்றிய கடிதம் ஒருவருடைய பெட்டியில் சம்சாரத்தின் சமையல் கணக்கோடு கிடந்தால், கிடந்தபடியே இருக்கும். கலைத்து அடுக்கக்கூடாது. இது நல்ல விதி. தாள் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதும் தாளின் அர்த்தத்தில் ஒரு பகுதி என்கிற விதி. கவிதையைப் பற்றி இத்தனை தெளிவாக நம்மில் எவரும் சொல்லவில்லை. ஆனால் இந்த விதிக்கு ஒரு விளைவு உண்டு. பெட்டி இருந்தவனைத்தான் தேட முடியும். தாத்தாவிடம் பெட்டி இல்லை. துணி மூட்டைதான்.

தேடிப் போனது கிடைக்காதபோது தேடாதவை கிடைத்தன. இந்தியா என்று தேடப் போய், ஒன்றிலிருந்து ஒன்றாக, ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் சர்ஜனிடம் வந்து சேர்ந்தேன். 1814ல் நெற்றித் தோலை இறக்கி ஒருவருக்கு மூக்கு வைத்தவர் அவர். 1816ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அந்த முறை இந்தியாவிலிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. 1794 அக்டோபரில் ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ என்ற பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்திருந்தது, படத்தோடு. கவாஸ்ஜி என்ற மராட்டியர், 1792 யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டியவர், திப்புவிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் படையோடு மறுபடி சேர்ந்துகொண்டார். ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்துவிட்டுப் புனாவுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் புது மூக்கு வைத்துக்கொண்டார். வைத்தவர் யார்? செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒரு ஆள். கடிதத்தில் அவ்வளவுதான்.

மேல்நாட்டு மருத்துவத்தில் ஒரு துறையே அந்தக் கடிதத்திலிருந்து புது உயிர் பெற்றது என்பார்கள். நோயாளியின் பெயர் இருக்கிறது. அவர் முகத்தை வரைந்த ஓவியரின் பெயர் இருக்கிறது: ஜேம்ஸ் வேல்ஸ். முறையை லண்டனில் செய்து பார்த்தவரின் பெயர் இருக்கிறது. அசல் ஆபரேஷனைச் செய்த கைக்குத்தான் பெயர் இல்லை. ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். வாயில்லாதவர் அல்ல. கேட்டிருப்பார்கள், அவரும் சொல்லியிருப்பார், எழுதுகிற இடத்தில் சாதி போதும் என்று பட்டிருக்கும். பெயர் தொலைவது பெரும்பாலும் சதியினால் இல்லை. எழுதுகிறவனுக்குப் போதும் என்று படுகிற ஒரு இடம் இருக்கிறது. அங்கேதான் தொலைகிறது.

*

பெயர்களைச் சேர்த்தவர் ஒருவரையும் இந்தத் தேடலில்தான் சந்தித்தேன். சொல்லப்போனால் மறுபடி சந்தித்தேன். காலேஜின் ஃபெல்லோக்கள் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளின் தொகுப்புக்குப் ‘ப்ளாரின் வாழ்க்கைகள்’ என்று பெயர். 1843ல் ஃபெல்லோ என்ற பட்டத்தை ஏற்படுத்தி 300 பேருக்குக் கொடுத்தார்கள், அதிலிருந்து தொடங்குகிறது. விக்டர் ப்ளார் 1897லிருந்து 1929 வரை அங்கே நூலகர். அவர் இறந்த மறு வருஷம், 1930ல், இரண்டு பாகமாகப் புத்தகம் வந்தது. பிறகு வந்தவர்கள் அவர் பெயரிலேயே தொடர்ந்துகொண்டிருக்கிறார்கள். என் துரையின் ரோஜாச் செடிகள் வரை.

ப்ளார் என்ற பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று இரண்டு நாள் உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு ஞாபகம் வந்தது, எஸ்ரா பவுண்டு! 1920ல் வெளிவந்த ‘ஹ்யூ செல்வின் மோபர்லி’யில் வெரோக் என்ற பெயரில் வருகிற கிழவர் இந்த ப்ளார்தான். ப்ளார் கவிஞர். யேட்ஸும் எர்னஸ்ட் டௌசனும் இருந்த ரைமர்ஸ் கிளப்பில் இருந்தவர். 1896ல் ஒரு தொகுப்புப் போட்டார். டௌசனைப் பற்றி 1914ல் ஒரு சிறு நினைவு நூல் எழுதினார். அவ்வளவோடு கவிதைக் கணக்கு முடிந்தது. பவுண்டு அவரைப் பாடம் செய்த உடல்களுக்கும் எலும்புகளுக்கும் நடுவில் உட்கார்த்தி, அட்டவணை போடுகிறவராகக் காட்டிவிட்டுக் கடந்து போகிறார். போன தலைமுறையின் மிச்சம்; இந்த யுகத்தோடு ஒட்டாதவர்.

எங்களில் சிலர் எழுபதுகளில் இந்தக் கவிதையை டைப் அடித்த பிரதியில் படித்தோம். நான் அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கவிதை, மறுபக்கம் அட்டவணை. சிருஷ்டி செய்கிறவன் ஒரு ஜாதி, பட்டியல் போடுகிறவன் இன்னொரு ஜாதி. நமக்கு இங்கேயும் அதற்குச் சமமான ஆட்கள் கிடைத்தார்கள். பாடபேதம் பார்க்கிற பண்டிதர்கள், கல்வெட்டுப் படிக்கிறவர்கள், நூலகர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது புதுமையின் ஒரு லட்சணம் என்றே நினைத்திருந்தோம். பவுண்டிடம் ஏளனத்தோடு ஒரு வாஞ்சையும் இருக்கிறது என்பதை இப்போது படிக்கும்போது காண்கிறேன். அப்போது எனக்கு ஏளனம் மட்டும்தான் கேட்டது. அதை நான் என் வீட்டில் செயல்படுத்தினேன். அதைப் பற்றிப் பிறகு.

ப்ளாரின் குறிப்புகளில் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். பெயர் பெற்ற சர்ஜன்களுக்குப் பக்கங்கள். ஒன்றும் சாதிக்காமல் கிராமத்தில் வைத்தியம் பார்த்துச் செத்தவர்களுக்கு நான்கு வரி. ஆனால் நான்கு வரி உண்டு. எவரையும் விடவில்லை. ஆண்டுக் கணக்கில் ஒருவர் உட்கார்ந்து, இறந்தவர்களின் மக்களுக்குக் கடிதம் எழுதி, பதில் வராதபோது மறுபடி எழுதி, இந்த நான்கு வரிகளைச் சேர்த்திருக்க வேண்டும். தன்னுடைய கவிதைகள் நிற்காது என்பதை அவர் அறிந்திருந்தாரா? அறிந்திருந்தார் என்றே எனக்குப் படுகிறது.

*

ஆனால் அந்த இடத்தின் உண்மையான கதை ப்ளாருக்கு ஒரு நூற்றாண்டு முந்தையது. ஜான் ஹன்ட்டர் என்ற சர்ஜன் 1793 அக்டோபரில் இறந்துபோனபோது ஏறக்குறைய 14,000 உடற்கூற்று மாதிரிகளையும் குவியல் குவியலாகக் கையெழுத்துப் பிரதிகளையும் விட்டுப்போனார். பணம் விட்டுப்போகவில்லை. அவர் மனைவி ஆன், ஹைடனின் பாட்டுகளுக்குச் சொற்கள் எழுதிக் கொடுத்த கவிஞர். வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. மாதிரிகளைக் காத்துக்கொண்டு ஒரு பையன் மட்டும் அங்கே தங்கினான். வில்லியம் கிளிஃப்ட், கார்ன்வாலில் ஒரு மாவுமில்காரரின் மகன், நன்றாகப் படம் வரைவான் என்பதற்காக 1792ல் ஹன்ட்டரிடம் கொண்டுவந்து விடப்பட்டவன். வாரத்துக்கு ஏழு ஷில்லிங் கூலி. 1799ல் அரசாங்கம் 15,000 பவுனுக்குத் தொகுப்பை வாங்கி சர்ஜன்களின் சங்கத்திடம் ஒப்படைக்கும் வரை இந்தப் பையன்தான் அத்தனைக்கும் காவல். அந்தத் தனிமையில் அவன் ஒரு காரியம் செய்தான். ஹன்ட்டரின் கையெழுத்துப் பிரதிகளை எடுத்துவைத்துக்கொண்டு பெயர்த்தெழுதினான். எவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஹன்ட்டரின் மைத்துனர் எவரார்ட் ஹோம். அவரும் சர்ஜன், பின்னால் சர் பட்டம் பெற்றவர். அருங்காட்சியகத்துக்கு அட்டவணை தயாரிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி மூலப் பிரதிகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அட்டவணை வரவில்லை. வருஷங்கள் போயின, ஹோமின் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. 1823ல் எல்லாப் பிரதிகளையும் எரித்துவிட்டார். ஹன்ட்டரே அப்படிச் செய்யச் சொன்னார் என்பது அவர் சொன்ன காரணம். தன் கட்டுரைகளின் ஊற்று எது என்று தெரியாமலிருக்க எரித்தார் என்பது மற்றவர்களின் சந்தேகம். கிளிஃப்ட் இதையெல்லாம் 1834ல் பார்லிமென்ட் கமிட்டி முன் சாட்சியமாகச் சொன்னார். எரிந்ததில் ஏறக்குறையப் பாதி அவருடைய பிரதியில் இருந்தது. 1861ல் கிளிஃப்டின் மருமகன் ரிச்சர்ட் ஓவன் அதை இரண்டு பாகமாக அச்சிட்டார். ஹன்ட்டர் எழுதியதில் பெரும் பகுதி இன்று நமக்கு ஏழு ஷில்லிங் கூலிக்காரனின் கையெழுத்தில்தான் கிடைக்கிறது.

தமிழ் வாசகனுக்கு இதில் அந்நியம் ஒன்றுமில்லை. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிப் போய், பழைய ஏடுகளை ஹோமத்தில் நெய்யில் தோய்த்து எரித்துவிட்டார்கள் என்று கேட்டு நொந்ததை நாம் ‘என் சரித்திர’த்தில் படித்திருக்கிறோம். பழைய ஏட்டை நெருப்பிலோ ஆற்றிலோ விடலாம் என்ற வழக்கம், அதைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய பிறகு என்றுதான் தொடக்கத்தில் இருந்திருக்க வேண்டும். பெயர்த்தெழுதுவது நின்றுபோயிற்று. விடுவது நிற்கவில்லை.

நெருப்பு லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸை இன்னொரு முறையும் தேடி வந்தது. 1941 மே 10ஆம் தேதி இரவு ஜெர்மன் குண்டு விழுந்தது. 14,000 மாதிரிகளில் சுமார் 3,500 எஞ்சின. எஞ்சியதில் ஒன்று சார்ல்ஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரரின் எலும்புக்கூடு. ஏழரை அடிக்கு மேல் உயரம். உயிரோடிருந்தபோது காசு வாங்கித் தன்னைக் காட்டிப் பிழைத்தவர். செத்த பிறகு சர்ஜன்கள் கையில் சிக்கக்கூடாது, கடலில் இறக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1783ல் இறந்தார். ஹன்ட்டர் பணம் கொடுத்து உடலை வாங்கிவிட்டார். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அவர் கண்ணாடிக்குள் நின்றார். 2023ல் அருங்காட்சியகத்தை மறுபடி திறந்தபோதுதான் அவரைக் காட்சியிலிருந்து எடுத்தார்கள். கடலுக்கு இன்னும் விடவில்லை.

கவாஸ்ஜி, பைர்ன். இந்த அட்டவணை உலகத்தில் பெயர் கிடைத்த நோயாளிகளுக்குப் பெயர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். ஒருவர் முகத்தைக் கொடுத்தார். இன்னொருவரிடமிருந்து எலும்பையே எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வயது, ஆண், பெண், நோய், முடிவு. கூலிக்காரர், 40, குணம். கேஸ் என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கிப்போனார்கள்.

*

இனி என் வீட்டுக்கு வரவேண்டும்.

தாத்தா நோட்டு எழுதிவந்தார். துரைக்காக அல்ல. வீட்டுக்கு வந்து கை கழுவி, சாப்பிட்டு, அரிக்கேன் விளக்கை இழுத்துவைத்துக்கொண்டு எழுதுவார் என்று அம்மா சொல்வாள். முழுநீளத் தாளை மடித்துத் தைத்து, காலிகோ ஒட்டிய கெட்டி அட்டை போட்ட நோட்டுகள். மொத்தம் பதினொன்று. அவர் 1958ல் இறந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. பரணிலிருந்த நோட்டுகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எடுத்துப் படித்திருக்கிறேன். படிக்கக்கூடாததைப் படிக்கிற கிளர்ச்சியோடு.

தேதி. கட்டில் நம்பர். பெயர், தகப்பன் பெயர், ஊர். என்ன வேலை செய்கிறவர். என்ன உபத்திரவம், அவர் வாயால் எப்படிச் சொன்னார். என்ன செய்தது. என்ன ஆயிற்று. ‘க்ளோரபார்ம்’, ‘லோஷன்’, ‘ட்ரெயின் வைத்தது’ எல்லாம் தமிழ் எழுத்திலேயே. இறந்தவர்களுக்கு முன்னால் ஒரு சிறிய சுழி போட்டிருப்பார். சுழிக்குப் பக்கத்தில் சில சமயம் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: யார் வந்து எடுத்துப்போனார்கள், வண்டி கிடைத்ததா இல்லையா.

1979ல் வீடு மாறினோம். சின்ன வீடு. சாமான்களைக் குறைக்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பவுண்டை டைப் பிரதியில் படித்தவன். பரணிலிருந்து இறக்கியதில் ஒரு தகரப் பெட்டி நிறையச் சிறுபத்திரிகைகள் இருந்தன. அவற்றைத் துடைத்து, நம்பர் வாரியாக அடுக்கி, நாப்தலின் உருண்டை போட்டுப் புது வீட்டுக்குக் கொண்டுபோனேன். தாத்தாவின் நோட்டுகளை வாரப் பத்திரிகைகளோடு சேர்த்துத் திண்ணையில் வைத்தேன்.

பழைய பேப்பர்க்காரர் ஒரு நோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அட்டையோட எடை போட முடியாது சார். அட்டை தனி, தாள் தனி. கிழிச்சிக் குடுங்க.”

நான் கிழித்துக் கொடுத்தேன். அம்மா உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகத் தைத்த நோட்டுகள். காலிகோ இலேசில் கிழியவில்லை. பதினோராவதைக் கிழிக்கும்போது விரல் சிவந்திருந்தது. எல்லாமாக ஒன்பது ரூபாய் சொச்சம் வந்தது. அதோடு கொஞ்சம் போட்டு ஒரு பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா அனுப்பினேன். அந்தப் பத்திரிகை அதற்குப் பிறகு ஒரு இதழ்தான் வந்தது.

ஹோமுக்காவது ஒரு காரணம் இருந்தது. மறைக்க அவரிடம் ஒன்று இருந்தது. அந்தப் பிரதிகளின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அவை எழுத்து அல்ல, பட்டியல் என்று நினைத்தேன். இலக்கியத்தைப் பற்றி எனக்கு அப்போது திட்டமான கருத்துகள் இருந்தன.

லண்டன் அட்டவணையில் மூன்று மாதம் நான் தேடியது என்ன என்று இப்போது சொல்லிவிடலாம். தாத்தாவை அவர்கள் எங்காவது எழுதியிருக்க மாட்டார்களா, எழுதியிருந்தால் நான் அழித்தது முழு அழிவாக இராதே என்ற நைப்பாசை. என் கையால் கிழித்ததற்கு ஒரு பிரதியை வெள்ளைக்காரனிடம் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கிளிஃப்ட் இருந்திருக்கலாம் என்று. கிளிஃப்டாக இருந்திருக்க வேண்டியவன் நான். பன்னிரண்டு வயதில் என்னிடம் நேரம் இருந்தது, பேனா இருந்தது, நோட்டுகள் கை எட்டும் உயரத்தில் இருந்தன.

நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். கிணறு வெட்டும்போது வெடியில் கை போனவர் ஒருவர் உண்டு. மூத்திரக் கல்லை எடுத்துக் கையில் கொடுத்தபோது அதை வேட்டியில் முடிந்துகொண்டு போன கிழவர் உண்டு. கழுத்துக் கட்டியோடு நாற்பது மைல் நடந்து வந்த பெண், கூட வந்த நாய், அது வார்டு வாசலில் ஒன்பது நாள் கிடந்தது. பனையிலிருந்து விழுந்தவர்கள் பலர். சுழி போட்ட ஒரு குழந்தை. அதன் பக்கத்தில் ‘வண்டி கிடைக்கவில்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்’. இவ்வளவுதான் வருகிறது. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் கை போனவர், கல் எடுத்தவர், கட்டி இருந்தவர். ஒரு பெயர் கூட இல்லை. தாத்தா ஒவ்வொருவர் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதியிருந்தார். என் ஞாபகம் நோய்களை வைத்துக்கொண்டு பெயர்களை விட்டுவிட்டது. செங்கல் அறுக்கும் சாதி ஆள் என்று எழுதிய கைக்கும் என் மூளைக்கும் வித்தியாசமில்லை. எனக்கும் அந்த இடத்தில் போதும் என்று பட்டிருக்கிறது.

துரை பெயரையும் தாத்தா பெயரையும் இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். ஆயிரக்கணக்கான பெயர்களை எடைக்குப் போட்டுவிட்டு, இந்த இரண்டை மட்டும் அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. துரையின் பெயர் எப்படியும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது.

*

ஒரு அட்டை எஞ்சியிருக்கிறது. கிழித்துப் போட்ட அட்டைகளில் ஒன்றை அம்மா எடுத்து அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். அவள் போன பிறகு சாமான்களை ஒழித்தபோது கிடைத்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, நடுவில் வட்டமாகக் கறை. மேலே ஒட்டிய சீட்டில் தாத்தாவின் கையெழுத்து: ‘கேஸ் நோட்டு. 7. 1938 ஜூன் முதல் 1941 மார்ச் வரை.’ தன் பெயரை அவர் எழுதவில்லை.

காப்பக அட்டவணைகளுக்கென்று சர்வதேச விதிமுறை ஒன்று இருக்கிறது, 1994ல் முதலில் வெளியிடப்பட்டது. ஒரு பொருளை விவரிக்க 26 அம்சங்கள் சொல்கிறது. அவற்றில் ஆறு கட்டாயம். குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, படிநிலை. போன வாரம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த ஆறையும் எழுதினேன். எண்: 1. தலைப்பு: கேஸ் நோட்டு. உருவாக்கியவர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயரை, அவர் நோயாளிகளை எழுதிய முறைப்படி, தகப்பன் பெயரோடும் ஊரோடும் எழுதினேன். தாளில் எழுதியது அது, அச்சுக்கல்ல. காலம்: அட்டையில் உள்ளபடி. அளவு: அட்டை ஒன்று, தாள்கள் இல்லை. படிநிலை: பதினொன்றில் ஏழாவது.

ஆறு போதும் என்கிறது விதி. கட்டாயமில்லாத ஒன்றையும் சேர்த்தேன். தாள்கள் யார் யார் கையில் இருந்து வந்தன என்று சொல்கிற பகுதி, காவல் வரலாறு என்று அதைச் சொல்லலாம். அதில் எழுதினேன்: 1958 வரை எழுதியவரிடம். 1979 வரை மகள் வீட்டுப் பரணில். அந்த வருஷம் பேரன் கிழித்து எடைக்குப் போட்டான். அட்டையை மகள் எடுத்து வைத்தாள்.